மூன்றாவது பொருள்

சாயல்குடி பேருந்து நிலையத்துக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
மூக்கையூர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்
சலேத்மேரி,
இன்னும் ஈரம் போகாத ரேஷன் கார்டோடு.
புயலில் போன மரத்துக்கு நிவாரணம் கேட்கணும்.

விண்ணப்பத்தில் தமிழ் இல்லை.
கலத்தின் வகை: கட்டமரான்.
"அதென்ன மரானு?"
"நம்ம மரந்தான்க்கா. எப்பவோ கப்பல்ல வந்தவன்
காதுல விழுந்ததை எழுதிக்கிட்டுப் போயிட்டான்."

உதடு மூடி முடிகிற சொல்.
அவன் மூடாமலே முடித்துவிட்டான்.
முன்னால் எப்படியோ ஒரு பூனை ஏறிக்கொள்ள,
அந்த ஊரில் சுருக்கமாய்ப்
பூனை என்றே கூப்பிடுவார்களாம் அதை.
"மீன் இருந்தா வரத்தான செய்யும்" என்றார்.

அடுத்த கட்டம்: உடல்கள் எத்தனை?
போன இடத்தில் அதற்கு இரண்டு உடல் முளைத்து
நடுவே மேடை,
மேடையில் சாய்வு நாற்காலி எல்லாம் வந்துவிட்டது.
சலேத்மேரி விரல் மடக்கினார்.
"நாலு கட்டை.
கரையேறினதும் கயித்தை அவுத்து
தனித்தனியாக் காயப் போட்டுருவோம்.
விடியக் கட்டினாத்தான் மரம்.
புயல் வந்தது ராத்திரி.
அப்ப அது எத்தனைன்னு நீயே போடு."

கட்டு என்பதை
அவன் பெயரென்று நினைத்திருக்கிறான்.
தினமும் செய்ய வேண்டிய வேலை அது.

மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த
பழைய அகராதியை உருவினேன். மேசை ஆடியது.
ஒன்று: சேர்த்துக் கட்டிய மரக்கட்டைகள்.
இரண்டு: இரட்டை உடல் படகு.
மூன்று: பேச்சு வழக்கு, இப்போது அரிது,
சண்டைக்காரி.

வாசித்த பிறகுதான்
உதட்டை மூடினேன், ம் என்று.

சலேத்மேரி மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தார்.
"மீனைக் கொள்ளை மலிவாக் கேட்டிருப்பான்.
எவகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டானோ"
என்று சிரித்தார்,
முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு.

"எவ்வளவு தம்பி?"
"எழுபது."

பிறகு நடந்ததை
பக்கத்து டீக்கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார்.
முப்பதுக்கு முடிந்தது.

திரையில் அந்த ஒரு கட்டம் மட்டும்
இன்னும் காலியாய்,
சிவப்பில் மின்னிக்கொண்டிருக்கிறது.
எண் போடாமல் அடுத்த பக்கம் போகாதாம்.