கணவாயில் ஒரு தர்பூசணி

எடை குறைக்க வேண்டுமென்று
பிரஷ்ஷின் காம்பைப் பாதியில் அறுத்தோம்.
வரைபடத்தில் நாங்கள் போகாத பள்ளத்தாக்குகளை
மாக்வாலா கத்தரித்து எறிந்தாள்.
மமூகா கல்யாண மோதிரத்தைக்கூட
வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தான்.
எடைக்காகத்தானா என்று யாரும் கேட்கவில்லை.

கோச்சாவின் பை மட்டும்
நிறைமாதமாகத் தொங்கியது.
என்னடா அதில் என்றால்
துணி என்றான்.

டார்ட்லோவைத் தாண்டிக் கூடாரம் அடித்து
கெட்டிலைக் கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது,
கேஸ் டப்பா ஜீப்பின் சீட்டுக்கடியில்
ஒமாலோவுக்குத் திரும்பிப் போய்விட்டது.
அது என் பொறுப்பு.
மாக்வாலா கத்தவில்லை.
கத்தியிருந்தால் எதிர்மலை ஒரு தடவை திருப்பிச் சொல்லி
அதோடு முடித்திருக்கும்.
சரி, என்றாள்.
அந்தச் சரிக்குப் பிறகு மூன்று நாள்
என்னிடம் அவளுக்குச் சொல் இல்லை.

ஈர விறகு புகையை மட்டும் தந்தது.
பச்சைத்தண்ணீரில் ஊறிய ஓட்ஸை
கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினோம்.

மறுநாள் காதறுத்த நாய்கள் நான்கு
சரிவில் உருண்டுவரும் பாறைகள்போல் வந்தன.
உட்காருங்கள், உட்காருங்கள் என்று
எங்கிருந்தோ ஒரு குரல்.
பாதையின் நடுவே பையோடு உட்கார்ந்தோம்.
நாய்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
பின்னாலேயே வந்த இடையன் ஷேதே
பாலாடைக்கட்டி வைத்த சூடான கோத்தோரியைப் பிய்த்துத் தந்தான்.
தருவதற்கு முன் ஒரு கேள்வி:
பன்றிக்கறி ஏதும் இல்லையே? எங்கள் மண்ணுக்கு ஆகாது.
அதை ஆல்வானியிலேயே தின்று தீர்த்துவிட்டேன் என்றான் மமூகா,
வாயில் வெண்ணெயோடு.
ஏறுவது ஒன்றுமில்லை, என்றான் ஷேதே,
அந்தப் பக்கம் இறங்கும்போதுதான் தெரியும்.

மூன்றாம் நாள்
வெளுத்த ஆட்டுக்கொம்புகள் அடுக்கிய கற்கோயில்.
அதன் அருகே பெண்கள் போகக்கூடாது.
கோச்சாவும் மமூகாவும் மேல்வழியில் போனார்கள்,
முதலில் சங்கடத்தோடு,
கொஞ்ச நேரத்தில் கால்பந்து பேசிக்கொண்டு.
எங்களுக்குக் கீழ்வழி.
வழி என்று சொல்லக்கூடாது,
இடுப்பளவு காஞ்சொறி.
மாக்வாலா முன்னால் கழியால் அடித்துக்கொண்டே போனாள்.
ஒவ்வொரு அடியும் எனக்கு விழுந்ததா
அந்தக் கோயிலுக்கு விழுந்ததா, தெரியாது.
அவள் ஒல்லி.
அவளுக்கு ஒரு சாண் போதும்.
என் அகலத்துக்கு அடித்துக்கொண்டே போனாள்.

ஆறு விடியலில் முழங்கால்,
மதியத்தில் இடுப்பு.
இருட்டிலேயே இறங்கி நால்வரும் கைகோத்தோம்.
நடு ஆற்றில் என் மணிக்கட்டை அவள் பிடித்த இடம்
கரையில் சிவந்திருந்தது.
இருவரும் அதைப் பார்த்தோம், ஈரச் சாக்ஸைப் பிழிந்தோம்.

அட்சுந்தாவின் கடைசி ஏற்றம்
உடைத்துக் கொட்டிய சிலேட்டுகள்.
இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும்.
இருபது எட்டு, நிற்பது.
பதினைந்து எட்டு, நிற்பது.
பிறகு எண்ணுவதற்கும் மூச்சு இல்லை.

உச்சியில் காற்று பேச விடவில்லை.
கோச்சா பையை அவிழ்த்தான்.
ஒரு சட்டை, இன்னொரு சட்டை,
கம்பளித் துண்டு,
அதற்குள்
ஐந்து கிலோவுக்குக் குறையாத தர்பூசணி.
மமூகா அதன் தாயையும் கோச்சாவின் தாயையும்
சேர்த்துத் திட்டினான்.
கத்தி ஒருவரிடமும் இல்லை.
அடுத்தவர் கொண்டுவருவாரென்று
நால்வருமே எடை குறைத்திருந்தோம்.

மாக்வாலா சிலேட்டுச் சில்லு ஒன்றை எடுத்து
பாவாடை நாடா அறுப்பதுபோல் அறுத்தாள்.
உள்ளே வெளிர் ரோஜா நிறம்.
பழுக்கவில்லை.
வெள்ளரிக்காய் மாதிரி இருந்தது.
கோச்சா எங்கள் முகங்களைப் பார்க்காமல்
மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு கீற்றை என் பக்கம் நீட்டி
அவள் கேட்டாள்:
உப்பாவது எடுத்து வந்தாயா?

எடுத்து வந்திருந்தேன்.

தோல் மட்டும் மிஞ்சும்வரை தின்றோம்.
பிறகு இறங்கினோம்.
ஷேதே சொன்னது சரி.
முழங்கால்கள் இன்னும் சொல்கின்றன.