பக்கம் ஐம்பத்தேழு

இந்தக் கப்பலில் உள்ள ஒரே நாவல் அது.
புவர்ட்டோ மோன்ட்டில் கயிறு அவிழ்த்தால்
புவர்ட்டோ நட்டாலெஸ் வரை நான்கு நாள்.
மழை, அப்புறம் மறுபடி மழை.
டிவிக்குள் உப்புக்காற்று புகுந்து எத்தனையோ மாதம்.
ஆகவே எல்லோரும் படித்திருக்கிறார்கள்,
படிக்கவே இல்லை என்பவர்கள் உட்பட.

கதை இதுதான்:
தங்கச் சிலுவை ஒன்று,
வரைபடம் ஒன்று, மூன்று துண்டாக,
ஒரு பேராசிரியர், பின்னாலேயே கறுப்புக் கார்கள்.
லிஸ்பனில் கூரை தாவி
கெய்ரோவில் சுரங்கத்தில் விழுந்து
எழுபது மணி நேரத்தில் எங்கள் பனியாற்றின் அடியில்
மூச்சடக்கி நீந்துகிறார்.
தாடி மட்டும் வளர்வதில்லை.

மாடு ஏற்றி வரும் எலிசேயோ பாரியா சொன்னார்:
"சுத்தப் புளுகு. காதில் பூ இல்லை, பூக்கூடையே வைக்கிறான்.
ராத்திரி மூணு மணி வரை தூங்க விடலை."
இரண்டையும் ஒரே மூச்சில்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு லாரி திரும்பும் இடம் இருப்பதாக
அவருக்குத் தோன்றவில்லை.

சால்மன் பண்ணையில் முக்குளிக்கும் உவென்சூர்
பென்சில் முனை ஒடியக் கோடு இழுத்திருக்கிறார்:
"நாற்பது மீட்டரிலிருந்து இந்த வேகத்தில் ஏறினால்
ரத்தம் சோடாவாகும், முட்டாளே, நில்!"
பக்கத்தைத் திருப்பினால்
அதே கை, சின்ன எழுத்தில்:
"ஏறிவிட்டான். அப்பாடா."

ஆசிரியை நோயெமி கார்கமோ
அடைமொழிகளை மட்டும் அடித்துக்கொண்டே போய்
இருநூறாம் பக்கத்தில் அடிப்பதை மறந்துவிட்டார்.
கடைசியில் மதிப்பெண், ஏழுக்கு நான்கு:
தேறினான், மயிரிழையில்.

மலைவழிகாட்டி ஒருவன் பேசுவதே இல்லை அதைப் பற்றி.
எங்கள் பனியாற்றை
எல்லைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டார்களாம்.
புதையல் யாருக்குப் போனாலும் போகட்டும்,
பனியை எப்படி அவர்களுக்குக் கொடுக்கலாம்?

நான் இந்தக் கப்பலின் சமையல்காரி, ஒத்திலியா.
என்னிடம் யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்:
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
ஒருவரும் சாப்பிடவில்லை.
ஒரே ஒரு காபி. அது மேஜைக்கு வருமுன்
தோட்டா வந்துவிட்டது.
நானும் ஒழுங்கில்லை.
சுரங்கம் இடிகிற இடத்தில்
முப்பது பேருக்கான சோற்றை அடிப்பிடிக்க விட்டேன்.

ஆனால் பக்கம் ஐம்பத்தேழு.
அங்கே அருங்காட்சியகக் கதவருகே
ஒரு காவலாளி சாகிறான், அரை வரியில்.
மீதி அரை வரியில் கார் கிளம்பிவிடுகிறது.
ஓரத்தில் யாரோ: "இவனுக்குப் பேர் கிடையாதா?"
கீழே நீல மையில்: "உண்டு. செகுண்டோ."
பிறகு வேறு கை: "கால் வீங்கும். பதினோரு வருஷ ராத்திரி வேலை."
பச்சை மை: "மகள் பல் டாக்டருக்குப் படிக்கிறாள். இரண்டாம் வருஷம்."
"தவணை பாக்கி."
"அன்றைக்கு அவன் முறையே இல்லை. நண்பனுக்காக நின்றான்."
இடம் தீர்ந்து, அச்சு வரிகளின் இடுக்கில்,
கையெழுத்து நடுங்க: "என் தம்பியும் வாட்ச்மேன்தான்."

பெனாஸ் வளைகுடாவில் கப்பல் புரண்ட இரவு
பயணிகள் எல்லோரும் வாளியும் கையுமாக.
சூப்பைச் சீண்ட ஆளில்லை.
அடுப்படியில் முட்டுக் கொடுத்து உட்கார்ந்து
காய்கறிக் கணக்கெழுதும் பென்சிலால்
பக்க எண்ணைச் சுற்றி, இருந்த துளி இடத்தில்
எழுதினேன்:
"எட்டு மணிக்கு அவன் சாப்பிட்டுவிட்டான்.
மீன் சூப், கொத்தமல்லி தூவியது. ரொட்டி இரண்டு.
இரண்டாம் கிண்ணமும் கேட்டான்."

காலையில் எலிசேயோ வந்து, முகம் பச்சையாக,
புத்தகத்தைக் கேட்டார்.
ஏற்கெனவே படித்தாயிற்றே என்றேன்.
"ஆமாம்," என்றார்,
"காவலாளி எப்படி இருக்கான் பார்க்கணும்."