மூன்று மதிப்பெண்

பாளையங்கோட்டை. விடைத்தாள் திருத்தும் முகாம்.
மே மாதத்தில் மின்விசிறியும்
அனலைத்தான் பங்கு வைக்கும்.
காலையில் பன்னிரண்டு தாள், மதியம் பன்னிரண்டு.
பெயர் கிடையாது, ஊர் கிடையாது.
வெளிமாவட்டத்துக் கட்டு என்றார்கள், அவ்வளவுதான்.

ஒன்பதாவது தாளில் முப்பத்தோராம் கேள்வி:
சமநிலையில் உள்ள மீள்வினையில்
வெப்பமும் அழுத்தமும் மாறினால் என்ன ஆகும்?
எடுத்துக்காட்டுடன் விளக்குக.

விடைக்குறிப்பில் அம்மோனியா.
முந்தைய எட்டுப் பேருக்கும் அம்மோனியா,
அதே வரி, அதே இடத்தில் அதே கமா.

இந்தப் பிள்ளை எழுதியிருந்தது சோடா.

"எங்கள் அப்பா சோடா கம்பெனி வைத்திருக்கிறார்.
மூடிய பாட்டிலுக்குள் வாயு சும்மா இருப்பதில்லை.
தண்ணீருக்குள் போவதும் வெளியே வருவதும் ஒரே வேகம்.
அதனால் ஒன்றும் நடக்காததுபோல் தெரியும்."

அடுத்த பத்தியில் பேனா அழுந்தியிருந்தது,
பின்பக்கம் தடவினால் எழுத்து தட்டுப்படும் அளவுக்கு.

"வெயிலில் வைத்தால் கரைந்த வாயு வெளியே வரும்.
போன சித்திரையில் ஒரு பாட்டில் வெடித்து
அண்ணனுக்குப் புருவத்தில் ஏழு தையல்.
இப்போது விடியும் முன்பே குளிர்ந்த தண்ணீரில் அடைக்கிறோம்.

கோலியைத் தட்டினால் அழுத்தம் குறையும்.
குறைந்ததை ஈடுகட்டத்தான் நுரை பொங்குகிறது.
ஆனால் முழுசாக ஈடுகட்டாது.
திறந்தே வைத்தால் சமநிலை கிடையாது,
சாயங்காலம் வெறும் தண்ணீர்."

கீழே சமன்பாடு.
முதலில் ஒற்றை அம்புதான் போட்டிருக்கிறது.
அப்புறம், பக்கத்தில் பேனா கடன் வாங்கியோ என்னவோ,
கருநீலத்துக்கு அடியில் வெளிர்நீலமாக
திரும்பி வரும் அம்பு,
கொஞ்சம் குட்டையாக, மணி அடிக்கப் போகிற அவசரத்தில்.

மூன்று போட்டேன்.

முதன்மைத் தேர்வாளர் ஞானதிரவியம் சார்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"குறிப்பில் சோடா இல்லையே, டீச்சர்."
"தப்பும் இல்லையே, சார்."
"வாயு கரைவது வேற, வினை வேற. ஒண்ணு போடுங்க."
"கார்பானிக் அமிலம் எழுதியிருக்கு, பாருங்க. அது வினைதானே?"
அவர் கீழே இழுக்க, நான் மேலே இழுக்க,
இரண்டில் வந்து நின்றது.

இதைச் சமநிலை என்று யாராவது எழுதினால்
நானே சுழி போடுவேன்.
நாங்கள் இரண்டு பேரும் களைத்துப்போய் நிறுத்தினோம்.
பாட்டிலுக்குள் யாரும் நிறுத்துவதில்லை.

ஐந்தரை மணி டவுன் பஸ்
சுலோசன முதலியார் பாலத்தில் மாட்டிக்கொண்டது.
கீழே தாமிரபரணி, கோடைக்கு ஒடுங்கி,
பாறைகளுக்கு இடம்விட்டுக் கிடந்தது.
பாளையில் வேலை முடித்து ஜங்ஷனுக்குப் போகிறவர்கள்,
ஜங்ஷனில் சரக்கெடுத்துப் பாளைக்குத் திரும்புகிறவர்கள்,
நடுவே ஒரு போலீஸ்காரர், வாயில் விசில்.
ராத்திரி எண்ணிப் பார்த்தால்
அந்தக் கரையில் அத்தனை பேர், இந்தக் கரையில் இத்தனை பேர்,
நேற்றைய கணக்கேதான் இருக்கும்.
ஆட்கள்தான் நேற்றைய ஆட்கள் இல்லை.
ஆனித் தேர் வந்தால் கணக்கு டவுன் பக்கம் சாயும்,
தசராவுக்குப் பாளைப் பக்கம்.
சப்பரம் போனபின் பாலம்
பழையபடி இரண்டு பக்கமும் நகரும்.

இத்தனை வருடம் இதன்மேல் போய் வந்தும்
கரும்பலகையில் நான் எழுதிப்போட்டது
அம்மோனியா.

ஜங்ஷனில் இறங்கி ஒரு கோலி சோடா கேட்டேன்.
கடைக்காரர் கட்டைவிரலால் அமுக்கினார்.
கோலி இறங்கிய சத்தம்; கழுத்துவரை நுரை.
"உப்புப் போடவா?"
"வேண்டாம்."
மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது, வாயுவால்தான்.

அவருக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி,
இருபத்து நான்கு பாட்டில்,
மேற்கே சாய்ந்த வெயில் முழுக்க அதன்மேல்.
"அண்ணாச்சி, அந்தப் பெட்டியை நிழலுக்குத் தள்ளுங்க."
"ஏன்?"
"தள்ளுங்க."
என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு
காலால் தள்ளினார்.
இருபத்து நான்கு கழுத்திலும்
கோலிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.