சங்குவெட்டித் தெருவில் இரண்டு ஆட்டோக்கள்

கலந்தருக்குச் சீப்பு விழுந்தது.
தலையில் பேருக்கும் முடியில்லாத மனுசனுக்கு.
பூமிநாதனுக்குத் தண்ணீர்க் குழாய்.
நானாக் கேட்டு வாங்கலத்தா,
குலுக்கல்ல வந்துச்சு என்று
காத்து மட்டும் வரும் குழாயடியில் நின்று
வீட்டுக்கு வீடு சத்தியம் செய்தான்.

ரெண்டு பேருக்கும் கூவியது நான்தான்.
ஜவுளிக்கடைத் தள்ளுபடி,
காணாமல்போன செம்மறிக் கிடா,
இலவசக் கண் முகாம்,
கீழக்கரையில் எது கேட்டாலும்
இந்தத் தொண்டைதான்.
காலையில் கலந்தருக்குப் பேசிப் பதிந்து
ஒரு பனங்கற்கண்டை வாயில் அதக்கிக்கொண்டு
மாலையில் பூமிக்குப் பேசினேன்.
'உங்கள் வீட்டுப் பிள்ளை' இருவருக்கும் பொது.
'எளிமையின் சிகரம்' அவனுக்கு,
'ஏழைகளின் தோழன்' இவனுக்கு.
மாறிப் போயிருந்தாலும்
யாரும் திருப்பிக் கேட்டிருக்கப் போவதில்லை.

பதினெட்டு வருசமாய்
மஃரிபுக்குப் பிறகு ஜெட்டிக் கட்டையில் மூவரும்.
மனு போட்ட அன்றிலிருந்து ஷிப்டு.
ஏழு மணி வரை கலந்தர்,
எட்டுக்கு மேல் பூமி.
அவன் என்ன சொன்னான் என்று
இருவரும் என்னிடம் கேட்கவில்லை.
என் டீயில் சீனி கூடிப்போச்சா என்றார்கள்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
காலி கிளாசும் நானும்,
கரையேறாத வள்ளத்தில் யாரோ
போனில் மனைவியைச் சமாதானம் செய்யும் சத்தமும்.

ஒன்பதாம் நாள் அது நடந்தது.
சங்குவெட்டித் தெருவுக்குள்
கிழக்கிலிருந்து சீப்பு, மேற்கிலிருந்து குழாய்.
ஒரு ஆட்டோ போனால்
சைக்கிள் சுவரேறி நிற்க வேண்டிய தெரு.
இரண்டும் மூக்கோடு மூக்கு நின்றன.
இரண்டு குழாய்களிலும் என் குரல்,
அரை நொடி முன்னும் பின்னுமாய்.
சிந்தித்து வாக்களிப்பீர் என்றேன் நான்,
ஏமாந்தது போதும் என்று எனக்கே பதில் சொன்னேன்.
சுமையா ஓட்டலில் இடியாப்பம் வாங்க நின்றிருந்தேன்.
கடைக்காரர் என் முகத்தையே பார்த்தார்,
நான் இடியாப்பத்தைப் பார்த்தேன்.

எடு பின்னாடி.
நீ எடு.
எங்க அண்ணன் வண்டி பின்னால போவாது.
கொடி பிடித்த பையன்களுக்கு நரம்பு புடைக்க
அண்ணன்கள் இருவரும் அண்ணாந்து
மின்கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஹாரன்.
தண்ணி லாரி.
பதினோரு நாளைக்குப் பிறகு.
மாடியிலிருந்து ஜமீலா லாத்தா போட்ட சத்தத்தில்
என் இரண்டு குரலும் அடங்கிவிட்டன.
"பிள்ளையாம் பிள்ளை!
கொடம் பன்னெண்டு ரூவாய்க்கு வாங்குறோம்.
வண்டிய நவுத்துறியளா, இல்ல நான் எறங்கி வரவா?"

முதலில் வேட்டியை மடித்துக் கட்டியது பூமி.
இந்தப் பக்கம் பிடி மச்சான் என்றான்,
எதிராளியைப் பார்த்து,
பழக்க தோசத்தில்.
கலந்தர் பிடித்தான்.
சீப்பை இருவரும் சேர்ந்து பின்னுக்குத் தள்ள
மாலைகள் சாக்கடையில் உரசிக்கொண்டே போயின.
குடங்கள் வரிசைக்கு வந்தன.
அன்றைக்கு அதற்குமேல் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை.

பெட்டிக்கு முன்னால் நான் நின்ற நேரம்
அதிகாரி இருமினார், பிறகு நாற்காலியை நகர்த்தினார்.
எதை அழுத்தினேன் என்று இன்றுவரை சொல்லவில்லை.
உன் ஓட்டுக்கு நன்றி மச்சான் என்று
இருவருமே தோளைத் தட்டினார்கள்.
தட்டியது தோளில்.
உறுத்தியது வேறெங்கோ.

கலந்தர் இருநூற்றிப் பன்னிரண்டு.
பூமி நூற்றித் தொண்ணூற்றெட்டு.
ஜெயித்தவர் ராமநாதபுரத்தில் குடியிருக்கிறார்,
சாலைக் காண்டிராக்ட்.

நேற்று ஆதார் நகலெடுக்க
கலந்தர் கடைக்கு வந்தான் பூமி.
மிஞ்சிய நோட்டீஸ் நாலு கட்டு
ஜெராக்ஸ் மிசினில் கிடந்தது.
முன்பக்கம் பூமியின் முகம், கறுப்பாய்,
ஆதாரில் எல்லோருக்கும் விழும் அதே திருட்டு முழி.
பின்பக்கம் கும்பிட்டபடி கலந்தர்,
கலரில், சீப்போடு.

ரெண்டு ரூவா என்றான் கலந்தர்.
ஒரு பக்கத்துக்கா, ரெண்டு பக்கத்துக்கா என்றான் பூமி.
சில்லறை இல்லாமல்
நான் கொடுத்தேன்.