மூலப்பிரதியோடு ஒத்தது

மேசையில் மூன்று துண்டுப் பிரசுரங்கள்.
ஃபான் காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு சிரட்டை.

ஒன்று கொழும்பில். இரண்டு வருடம், ஆங்கிலத்தில்.
வெள்ளிதோறும் கல்முனையிலிருந்து வரும்
இரவு பஸ்ஸில் ஏற வேணும்.
மற்றது மட்டக்களப்பு நகரில், மூன்றாம் மாடி,
தமிழில், சனி ஞாயிறு,
காசைத் தவணையாய்க் கட்டலாம்.
மூன்றாவது கைப்பேசிக்குள்ளேயே.
சண்டைக்காரர் முகத்தைப் பாராமலே
சண்டை தீர்க்கப் படிக்கலாம்.

சனிக்கிழமைதான் இடிக்கிறது.
பெரியகல்லாற்றில் சனிக்கிழமை மத்தியஸ்த சபை,
பள்ளிக்கூடத்தில், மூன்றாம் ஆண்டு வகுப்பறையில்.
குட்டிக் கதிரைகளில்
முழங்கால் நெஞ்சில் முட்டக்
குந்தியிருப்பார்கள் பெரிய மனிசர்.
நான் ஓரமாய் இருந்து எழுதுவேன்:
முறைப்பாட்டாளரின் ஆடு, எதிராளியின் மிளகாய்க் கன்று.
தோணி எஞ்சினுக்கு வாங்கிய நாற்பத்தையாயிரம்.
முருங்கைக் கொப்பு எந்தப் பக்கம் விழுந்தது.
ஆட்டுக்காக வந்தவர்
ஆட்டைப் பற்றி இரண்டு நிமிசம்தான் கதைப்பார்.
மிச்ச நேரம் முழுக்க
தொண்ணூற்றெட்டில் ஒரு கலியாணத்துக்குச்
சொல்லாமல் விட்ட கதை.

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி:
இத்துறையைத் தெரிவுசெய்த காரணம்,
நூறு சொற்களுக்கு மேற்படாமல்.
பதினோராவது அதைவிடக் கஷ்டம்:
சான்றிதழ்ப் பிரதிகளைச்
சமாதான நீதவான் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும்.

எங்கள் குறிச்சியில் சமாதான நீதவான்
ஒருவர்தான்.
அவர் என் அக்கா புருசன்.

அக்காவும் நானும் கதைத்து
மூன்று வருடமும் ஒரு சித்திரையும்.
தாய்வீடு அவளுக்குச் சீதனம், பின்வளவு எனக்கு.
நடுவில் கிணறு.
நொத்தாரிசு உறுதியில்
தென்னம்பிள்ளைகளைக் கூட எண்ணி எழுதினார்,
கிணற்றை மறந்துவிட்டார்.

களுவாஞ்சிகுடிக்குப் போனால்
வேறொருவர் ஒப்பம் வைப்பார்.
பஸ்ஸிலும் ஏறிவிட்டேன்.
மறுகா, கோட்டைக்கல்லாற்றில் இறங்கி
வந்த வழியே நடந்தேன்.
வீரமெல்லாம் இல்லை.
மிச்சக் காசு மிஞ்சும் என்று
எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அத்தான் கண்ணாடியைப் போட்டார்.
"இரி" என்றார், இருந்தேன்.
மூலத்தையும் பிரதியையும் பக்கத்தில் வைத்து
வரி வரியாய் விரல் ஓட்டினார்,
என் பெயரைக் கூட முதல்முறை பார்க்கிற மாதிரி.

குசினிக்குள்ளிருந்து ஒரு குரல்:
"என்ன படிப்பாம் எண்டு கேளுங்க."
அத்தான் என்னிடம்: "என்ன படிப்பாம் எண்டு கேக்கிறா."
நான் அத்தானிடம்: "பிணக்குத் தீர்க்கிற படிப்பு."
அத்தான் குசினிக்கு: "பிணக்குத் தீர்க்கிறதாம்."

சட்டியொன்று அடுப்பில்
கொஞ்சம் பலமாய் வைக்கப்பட்டது.

"எவ்வளவு காசாம்?"
எவ்வளவு காசாம் என்று அவர் கேட்டார்.
நான் சொன்னேன், அவர் சொன்னார்.
"எங்கயாம்?"
கொழும்பும் இருக்கு, டவுனும் இருக்கு என்றேன்.
கொழும்பும் இருக்காம், டவுனும் இருக்காம்.
ஐந்து பாகத் தூரத்துக்கு
இப்படி ஒரு தபால்.

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
கடுகு வெடித்தது.

"கொழும்பு வேணாம்கா.
சின்னவன ஆரு பாக்கிற?"

புருசனை ஒருநாளும் அவள்
'கா' போட்டுக் கூப்பிட்டதில்லை.

அத்தான் அதை எனக்குக் கடத்தவில்லை.
முத்திரையை மையில் அழுத்தினார்,
இரண்டு தரம், தேவைக்கு மேலாக.
கடதாசியில் ஊதாவாய் விழுந்தது:
மூலப்பிரதியோடு ஒத்தது.
குசினிக் கதவைப் பார்த்தேன்.
எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு என்று
ஊரில் சொல்வார்கள்.

"ம்" என்றேன்.
ஆருக்கு என்று சொல்லவில்லை.

இப்போது மட்டக்களப்புப் பிரசுரம் மேலே இருக்கிறது,
அதற்கும் மேலே சிரட்டை.
சனிக்கிழமைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
ஏழாவது கேள்வி இன்னும் வெறுமையாய்.

வெளியே
கிணற்றில் வாளி இறங்குகிற சத்தம்.
வாளி என்னுடையது.
எட்டிப் பார்க்காமல்
பேனை மூடியைக் கழற்றுகிறேன்.