பங்குப் புல்

போகாவுக்கு எட்டு வாரம்.
எங்கள் மொழியில் பொத்தான் என்று அர்த்தம்.
தௌகவா ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு வாரம்,
அந்தக் கரையில் ஒரு வாரம்,
பவுலாவைப் போலவே.

தீர்ப்பில் முயலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
கார், கடன், கோடைக்குடிசைச் சாவி,
பள்ளி விடுமுறைகள்,
எல்லாம் பங்கு போட்டு முடித்த பின்
வந்து சேர்ந்தது இது.

முதல் வாரம் என் முறை.
நான் வாங்கி வந்தது வைக்கோல்.
பொன்னிறம், மலிவு, கட்டும் பெரிது.
போகா அதன் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.
தின்னவில்லை.
வைக்கோல் வேறு, உலர்புல் வேறு என்று
நாற்பத்து மூன்று வயதில் தெரிந்தது எனக்கு.

பிறகு ஒரு கலவைத் தீனி:
சிவப்பு வளையம், மஞ்சள் சோளம்,
காய்ந்த வாழைப்பழச் சில்லு,
அட்டையில் சிரிக்கும் முயல்.
தித்திப்பை மட்டும் பொறுக்கியது,
ரொட்டியில் திராட்சையை மட்டும்
பவுலா தோண்டி எடுப்பது போல.

ஞாயிறு மாலை டிராமில்
கூடையை மடியில் வைத்துக் கல் பாலம் கடந்தோம்.
இமாந்தாவில், சனிட்டாவின் வீட்டில், வேறு சட்டம்:
கேரட், முட்டைக்கோஸ், கிண்ணம் நிறைய ஓட்ஸ்.
குளிர்காலமாயிற்றே, குட்டியாயிற்றே.

செவ்வாய் இரவு பதினொன்றே கால்.
பத்து மாதமாகக் குறுஞ்செய்தி மட்டுமே அனுப்பியவள்
கூப்பிட்டாள்.
"காலையிலிருந்து வாயே வைக்கவில்லை.
புழுக்கையும் இல்லை.
நீ என்ன கொடுத்தாய்?"
"நீ என்ன கொடுத்தாய்?"

அவசரப் பிரிவில்
நடுவே ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தோம்.
அந்த நாற்காலியில் கூடை.
டாக்டர் ரஸ்மா முயலின் வயிற்றில்
ஸ்டெதஸ்கோப்பை வைத்து
வெகு நேரம் கேட்டார்.
நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.
குழிக்குள் இறங்கி, மேலே ஏதாவது ஓடுகிறதா என்று
அப்படித்தான் கேட்பேன்.

"குடல் நிற்கப் பார்க்கிறது.
வாரத்துக்கு ஒரு சாப்பாடு என்றால்
இவ்வளவு சின்ன வயிறு எதைத்தான் பழகும்?"
எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை.
ஊசியை நிரப்பிக்கொண்டே சொன்னார்.

ரசீதின் பின்பக்கம் நான் எழுத,
சனிட்டா எட்டிப் பார்த்து
எழுத்துப்பிழையைத் திருத்தினாள், பழைய வழக்கம்.
குதிரைமசால், காய்ந்தது, பச்சை மங்காதது,
தூசி பறந்தால் வாங்காதே.
இரவும் பகலும், வேண்டுமட்டும்.
குருணைத் தீனி ஒரே நிறத்தில்,
அதே மசாலில் செய்தது,
பொறுக்குவதற்கு அதில் ஒன்றும் இருக்கக் கூடாது.
தண்ணீர், கவிழாத கிண்ணத்தில்.
மூன்று மாதம் ஆகட்டும், அப்புறம் கீரை,
ஒரு நாளைக்கு ஓர் இலை,
புழுக்கையைப் பார்த்துவிட்டு அடுத்தது.
கேரட்டை அவளே அடித்தாள்.
வாழைப்பழத்தை நான்.
ஏழாம் மாதம் மசாலைக் குறைத்துத்
திமோத்திப் புல்லுக்கு மாற வேண்டும்,
கொஞ்சம் கொஞ்சமாக.
கொஞ்சம் கொஞ்சமாக என்பதன் அடியில்
யார் கோடு போட்டது, நினைவில்லை.

நாலரை மணிக்குக் கூடைக்குள்
மொறுக் மொறுக் என்று ஒரு சத்தம்.
இன்னும் கொஞ்ச நேரத்தில், துணியின் மேல்,
பட்டாணியை விடச் சிறிதாக,
ஒன்று, இரண்டு.
ஏழு வரை எண்ணினோம்.
அவள் தலைமுடி என் கன்னத்தில் பட்டது.
இருவரும் நகர்ந்துகொண்டோம்.

சனிக்கிழமை ஒரே மூட்டை, பத்துக் கிலோ.
என் சமையலறைத் தராசில் பாதிக்குப் பாதி.
கடைசிப் பிடியை யார் எடுப்பது என்று
கொஞ்சம் சண்டையும் போட்டோம்.
தரையெல்லாம் புல் துணுக்கு.
தும்மினாள். "குணமாகட்டும்" என்றேன்.

பட்டியல் இப்போது குளிர்பெட்டிக் கதவில்.
இரண்டு வீட்டுக் கதவிலும்.
நேற்று கவனித்தேன், கடைசி வரிக்குக் கீழே
பென்சிலில், பவுலாவின் கோணல் எழுத்து:
பவுலாவுக்குக் கறுப்பு ரொட்டி,
அங்கே வாங்கும் அதே கடையில்.

எந்தக் கடை என்று எனக்குத் தெரியாது.
கேட்க வேண்டும்.