எண் இருபத்தெட்டு

மேலூர் தாண்டி, பெரியாறு வாய்க்கால் ஓரம்
கருவேலத்துக்குள் ஒரு மணிக்கூண்டு.
கணக்கெடுக்க அனுப்பியிருந்தார்கள்.
கையில் படிவம், டேப்பு, ஒரு பெட்டி சாக்பீஸ்.

சுவர் அகலம் இரண்டே முக்கால் அடி.
கடுக்காய் கலந்த சுண்ணாம்பு.
கீறிப் பார்த்தேன்,
நகம்தான் உடைந்தது.
ஆராதனை மாதம் ஒருமுறை.
மற்ற நாளெல்லாம் வௌவால்.

கல்லறைகள் இருபத்தேழு.
சாக்பீசைப் படுக்கவைத்துத் தேய்த்தால்
வெள்ளைக்குள்ளிருந்து இங்கிலீஷ் எழும்பி வரும்:
ஆர்தர், வாய்க்கால் ஓவர்சியர் மகன்,
பதினொரு மாதம், காலரா.
சிலுவையின் ஒரு கையில்
யாருடைய ஆடோ கட்டியிருந்தது.
அதையும் குறிப்பில் எழுதினேன்.

வேலிக்கு வெளியே திரும்பும்போது
பெருவிரலில் இடித்தது
கவிழ்த்துப் புதைத்த கல்லுரல்.
அதற்கப்பால் ஒரு அம்மி, பாதித் திருகை,
வரிசை என்று சொல்ல முடியாத வரிசை.

சாவி கொண்டுவந்த தெபொராள்
நூறுநாள் வேலை அட்டையால் விசிறிக்கொண்டே சொன்னாள்:
"கல்லு வெட்டக் காசேது?
அவுகவுக பொழங்குனதையே வச்சாக.
இந்த உரல்லதான்
கோயிலுக்குக் கடுக்கா இடிச்சதும்பாக."
"பேரு?"
"இடிச்சவ பேரா?" என்று சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.

எழுத்துள்ள கல் மட்டும் போதும் என்றிருந்தார்கள்.
இருபத்தெட்டு என்று போட்டேன்.
பொருள்: உரல், ஒன்று.
பெயர்: கோடு.
அலுவலகத்தில் அடித்துவிடுவார்கள்,
கார்பனிலும் விழட்டும் என்று
அழுத்தியே எழுதினேன்.

மதிப்பு என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனா நின்றது.
கடைசியில் இதுதான் வந்தது:
இடித்து இடித்துத் தேய்ந்த குழி
மண்ணைப் பார்த்திருக்கிறது.
படமெடுக்க இயலவில்லை.